ரொம்ப நல்ல பேரிங்

உலகத்தில் இஞ்சினைத் திறக்கிறவர்கள் இரண்டே ரகம் என்பது மெக்கானிக்கின் முடிவு. ஒன்று அவர். இன்னொன்று மற்ற எல்லோரும்.

இந்த மற்ற எல்லோரையும் அவர் இருபத்தாறு வருஷமாகக் கடை வாசலில் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிளாஸ்டிக் பையில் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூவைப் போட்டு எடுத்துவந்து, "எல்லாம் பூட்டிட்டேன், இது மட்டும் மிச்சம்" என்று நிற்பார்கள். போனில் ஐந்து நிமிஷம் வீடியோ பார்த்துவிட்டு, தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, வாழைப்பூவைப் போல உரித்துவைத்துவிட்டு வருவார்கள். மெக்கானிக் கண்ணை மட்டும் மெதுவாக மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டுவார். வந்தவர் செருப்பு வரைக்கும் கூசிப்போவார். கடைக்குள் ஒரு நீள மேஜை, அதில் சாமானைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், மூலையில் சின்ன மின் அடுப்பு, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஏழெட்டு செத்துப்போன மிஷின்கள். எல்லாமே யாரோ ஒருவர் வீட்டில் பிரித்துப் பார்த்ததால் செத்தவை. வருகிறவர்கள் பார்த்துப் புத்தி தெளியட்டும் என்றுதான் மாட்டியிருந்தார்.

இதில் அவருடைய தனி இளப்பம் முழுவதும் சகலைக்கென்று ஒதுக்கிவைத்திருந்தது. சகலை என்றால் மனைவியின் தங்கச்சி புருஷன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமுக்குத் தக்கபடி லென்ஸை உரசி உட்கார வைக்கிற வேலை. மூக்கின்மேல் உட்காருகிற சாமானுக்கு ஒரு கடை, அந்தக் கடைக்கு ஒரு ஏ.சி., அந்த ஏ.சி.யில் உட்கார ஒரு ஆள், இதற்குப் பேர் தொழிலா என்பார் மெக்கானிக். நேரில் "வாங்க சகலை". முதுகைத் திருப்பினால் "கண்ணாடி". அவன் நகத்தில் ஒரு பொட்டு அழுக்கு இருந்து அவர் பார்த்ததில்லை. அது ஒன்றே போதும், அவன் ஆம்பளையே இல்லை என்று தீர்ப்பு எழுத.

இவர்கள் இருவருக்கும் மாமனாரானவர் மரம் வெட்டுகிறவர். அறுபத்தைந்து வயது. ஒரே ஒரு செயின்சா, பெட்ரோலில் ஓடுகிற ரம்பம், இருபத்திரண்டு வருஷம் பழசு. அதை ஒரு மத்தியானம் கோணிச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரிய மாப்பிள்ளை கடைக்கு வந்தார். காலையில் ஒரு சந்துக்குள் மரம். முக்கால்வாசி அறுத்தாயிற்று. மிஷின் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு அப்படியே பிடித்து நின்றுவிட்டது. மரம் நிற்கவும் இல்லை, விழவும் இல்லை. மேலே காற்று, இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. மாமனார் கோடாலியை எடுத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் அண்ணாந்து பார்த்து, ஒன்றரை மணி நேரம் அதன் அடியிலேயே நின்று முடித்திருக்கிறார்.

"பாதி வெட்டுல மிஷின் நின்னா, அப்புறம் மரம் வெச்சதுதான் சட்டம் மாப்பிள்ளை" என்றார்.

மெக்கானிக் காதில் அது விழுந்தது. விழுந்து அப்படியே மறு காது வழியாகப் போய்விட்டது. அவர் பக்கத்து மூடியை மட்டும் கழற்றி, ஃப்ளைவீல் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். கடகடவென்று ஆட்டம். இஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்கின் இரண்டு பக்கமும் தாங்குகிற பேரிங் இரண்டும் போய்விட்டன, அவ்வளவுதான். புது பேரிங் இரண்டு, கசிவை அடைக்கிற ஆயில் சீல் இரண்டு, இரண்டு நாள் வேலை. ஆனால் அப்போது கடையில் தண்ணீர் மோட்டார்கள் வரிசையில் நின்றன. மாமனாரிடம் கூலி கேட்கவும் முடியாது. இஞ்சினைத் திறந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

"கிராங்கே போச்சு மாமா. இது செத்துப்போச்சு. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க."

மாமனார் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, புதுசெல்லாம் கைக்கு அடங்குவதில்லை, எடை எல்லாம் முன்னால் போய்விடுகிறது என்று என்னமோ சொன்னார். பிறகு சாக்கைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடி வாயைத் திறந்தான். தான் ஒரு தடவை பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டான். குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மெக்கானிக்குக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாராளமாகப் பாருங்கள் சகலை, பிணத்துக்கு வைத்தியம் பார்ப்பதை யார் தடுக்கப்போகிறார்கள் என்றார். மச்சினி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மாமனாரும் மெக்கானிக்கின் மனைவியும் சிரிக்கவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. அவருக்கு ஒன்று மட்டும் புரிந்தது. இந்த மிஷின் ஓடினால் தன் பேச்சு இந்தக் குடும்பத்தில் அதோடு சரி. ஓடக் கூடாது.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி இவர் கடைக்கு வந்தான், பழைய பேரிங்கைக் கழற்ற புல்லர் இரவல் வேண்டுமென்று. வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் லென்ஸ் வருகிற சின்னச் சின்ன டப்பாவில் தனித்தனியாகப் போட்டு, மேலே நம்பர் எழுதி ஒட்டியிருந்தான். மெக்கானிக் ஒரு டப்பாவை விரல் நுனியால் தள்ளினார். ஸ்க்ரூ எங்கே போகும் என்று கைக்குத் தெரிய வேண்டும். தெரியாதவன்தான் எழுதி ஒட்டுவான்.

பேரிங் ஏன் போனது என்று அவன் கேட்டான். கேட்டவுடன் மெக்கானிக்குக்குப் பாடம் எடுக்கிற ஆசை வந்துவிட்டது, இளப்பம் இருக்கிற இடத்தில் அதுவும் இருக்கும். இந்த டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு அடியில் ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலக்கிற ஆயில்தான் புகையைப்போல உள்ளே போய், கிராங்கையும் பேரிங்கையும் நனைத்துவிட்டு, பிறகுதான் எரியும். மாமா கண் அளவுக்கு ஊற்றுகிறார். ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய. குறைந்த நாளெல்லாம் பேரிங் காய்ந்து ஓடியிருக்கிறது, வேறென்ன. கண்ணாடி ஒரு சின்ன நோட்டில் அத்தனையையும் எழுதிக்கொண்டான். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அடிக்கோடு வேறு.

அடுத்த வாரம் புது பேரிங்கோடு வந்தான். இரண்டு நீல அட்டைப்பெட்டி. திறந்து மேஜைமேல் வைத்தான். மெக்கானிக் பார்த்தார். பேரிங்கின் இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் மூடி.

கடைக்காரர் இதுதான் உசத்தி என்று கொடுத்தாராம். உள்ளேயே கிரீஸ் அடைத்து வருமாம். தூசி போகாதாம், ஆயுசுக்கும் எண்ணெய் வேண்டாமாம். கண்ணாடி முகத்தில் அப்படி ஒரு பெருமை. பிறகு, பாவி, கேட்டுத் தொலைத்தான்.

"இது சரிதானே அண்ணே?"

மெக்கானிக் ஒன்றை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினார். கிரீஸின் கனத்தோடு மெதுவாகச் சுற்றியது. சக்கரத்துக்கோ மாவரைக்கிற மோட்டாருக்கோ அருமையான சாமான். இந்த இஞ்சினுக்கு விஷம். பெட்ரோல் ரப்பர் ஓரத்தில் கசிந்து உள்ளே போய்க் கிரீஸைக் கரைத்துவிடும். ஆனால் அதே ரப்பர், ஆயிலைத் தேவையான அளவுக்கு உள்ளே விடாது. கிரீஸும் போய், ஆயிலும் வராமல், பேரிங் வறண்டு கருகும். நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதினவனுக்கு, எழுதினதைக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு வார்த்தை போதும். மூடியை எடுத்துவிட்டுப் போடு என்று ஒரே ஒரு வார்த்தை. மெக்கானிக் அந்த வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் ருசி பார்த்தார்.

"ரொம்ப நல்ல பேரிங்" என்றார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. தன் மின் அடுப்பிலேயே சூடு பண்ணிக்கொள்ளச் சொன்னார். சூடு பண்ணியும் கண்ணாடி சுத்தியலால் அடித்து இறக்கி அசிங்கப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவன் கிராங்க் உட்காருகிற கேஸை அடுப்பில் வைத்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, அது சுரீரென்று ஓடினதும் பேரிங்கை இரண்டு விரலால் பிடித்து மேலே வைத்தான். தன் பாட்டுக்கு உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டது. சுத்தியலைத் தொடவே இல்லை. மெக்கானிக்குக்கு அந்தக் கை நிதானம் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. போகட்டும், எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் உட்கார்ந்தது அதுதானே என்று தேற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவரால் அடக்க முடியவில்லை. மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள். தையல் மிஷினுக்கு அவள்தான் எண்ணெய் விட்டுக்கொள்வாள், அவரைக் கேட்பதில்லை. அவளை எதிரில் உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னார். ரப்பர் மூடி, கிரீஸ், பெட்ரோல், அவன் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில். சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்தது. ஐம்பது டேங்க் தாண்டாது என்றார்.

அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டாள். என்ன ஆகும், பிடித்து நின்றுவிடும் என்றார்.

"ஓடிட்டு இருக்கும்போதா?"

"பின்னே, தூங்கிட்டு இருக்கும்போதா?"

அப்படியென்றால் மூடி இல்லாத பேரிங்தான் வாங்கியிருக்க வேண்டுமா என்று கேட்டாள். அதெல்லாம் வேண்டாம், அதே பேரிங்தான், மூடியை ஊசியால் நெம்பினால் வந்துவிடும், கிரீஸைக் கழுவிவிட்டு ஆயில் விட்டுப் பூட்டினால் முடிந்தது, ஆனால் அது தெரிய மண்டையில் ஏதாவது இருக்க வேண்டுமே என்றார். பதினெட்டு வருஷத்தில் அவள் அவர் தொழிலைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டதில்லை. அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இரண்டாவது தடவை சோறு கேட்பதற்குள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மிஷினைப் புதன்கிழமை மாமனாரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்த கண்ணாடி, புதனன்று கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றானாம். மெக்கானிக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை கொடுத்தான். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது என்று மச்சினி போன் பண்ணிச் சொன்னாள். பிடிக்கும், பிடிக்காமல் என்ன, ஐம்பது டேங்க் வரைக்கும் பிடிக்கும் என்று மெக்கானிக் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு எண்ண ஆரம்பித்தார். மாமனார் கலக்குகிற ஆயிலை இவர் கடையில்தான் வாங்குவார். ஒரு சின்ன பாட்டிலுக்குப் பதினாறு டேங்க் வரும். இப்போது கண் அளவு கிடையாது. கண்ணாடி ஒரு கேனில் கோடு போட்டுக் கொடுத்திருந்தான், அந்தக் கோட்டுக்கு ஆயில், இந்தக் கோட்டுக்குப் பெட்ரோல். முதல் பாட்டில் தீர்ந்தது. இரண்டாவது தீர்ந்தது. மூன்றாவதை வாங்கிக்கொண்டு மாமனார் படியிறங்கியபோது மெக்கானிக் பின்னாலேயே வந்து, மிஷின் எப்படி என்று அக்கறையாக விசாரித்தார். நன்றாக ஓடுகிறது என்றார் மாமனார். நாலாவது பாட்டில். ஐந்தாவது. மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடை வாசலில் எந்த இஞ்சின் இருமினாலும் தலையைத் தூக்கினார். மனிதன் கல்யாணத் தேதிக்குக்கூட இப்படிக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்ததில்லை.

ஆறாவது பாட்டில் வாங்கின வாரம் பொறுக்க முடியாமல் கடையைப் பூட்டிவிட்டு மாமனார் வேலை செய்கிற இடத்துக்கே போனார். ஒரு வீட்டுக் கொல்லையில் பெரிய மரம். ஒரு பக்கம் சமையலறைச் சுவர், இன்னொரு பக்கம் அடுத்த வீட்டு மதில். நடுவில் விழுவதற்கு ஒரு ஆள் படுக்கிற அகலம்தான் இடம். மாமனார் அடியில் ஒரு முழங்காலை ஊன்றி அறுத்துக்கொண்டிருந்தார். மரத்தூள் அவர் காதெல்லாம் படிந்திருந்தது. மெக்கானிக் எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்டப் போய் நின்று காதைக் கொடுத்தார். பேரிங் போகப்போகிறது என்றால் இஞ்சின் சத்தத்துக்கு அடியில் ஒரு உறுமல் வரும். வரவில்லை. ரம்பம் பாதி மரத்தைத் தாண்டியது. இப்போ நிற்கும் என்று நினைத்தார். முக்கால் தாண்டியது. இப்போ, இப்போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வெட்கக்கேடு, அப்படித்தான் நின்றார்.

மரம் சொன்ன இடத்தில் விழுந்தது. ஒரு ஓடு உடையவில்லை.

மாமனார் இஞ்சினை நிறுத்தி, முகத்தைத் துடைத்து, மிஷினை அவர் கையில் கொடுத்தார். மெக்கானிக் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் பக்கத்து மூடியைக் கழற்றி, ஃப்ளைவீலைப் பிடித்து அசைத்தார். மேலும் கீழும். முன்னும் பின்னும். மயிரிழை ஆட்டம் இல்லை. எண்பது டேங்குக்குமேல் ஓடின பேரிங், நேற்றுப் போட்டது மாதிரி நின்றது.

மாமனார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டினார். பரிதாபப்படுகிற மாதிரி ஒரு தட்டு.

"விடுங்க மாப்பிள்ளை. எல்லாமே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்னு இருக்கா என்ன?"

இதற்கு என்ன அர்த்தம் என்று மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை. வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டார். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம், இன்னும் பத்து டேங்க், பதினைந்து டேங்க், பிடித்து நிற்கத்தான் போகிறது, அன்றைக்குத் தெரியும் கண்ணாடியின் லட்சணம் என்றார்.

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். பட்டன் போட்டுவைக்கிற தகர டப்பாவைத் திறந்து, உள்ளே விட்டுத் துழாவி, நாலு சின்னக் கறுப்பு வளையங்களை எடுத்து, தைத்துக்கொண்டிருந்த துணிமேல் வரிசையாக வைத்தாள். மெல்லிசு ரப்பர். ஓரத்தில் ஊசி குத்தி நெம்பின தடம். ஒரு பேரிங்குக்கு இரண்டு மூடி, இரண்டு பேரிங்குக்கு நாலு.

அவர் சிரித்துச் சிரித்துச் சொன்ன மறுநாள் காலையிலேயே தங்கச்சிக்குப் போன் பண்ணிவிட்டாளாம். அதற்குள் மிஷின் முழுதும் பூட்டி முடித்தாயிற்று. அவன் மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, கிராங்கை எடுத்து, ஃப்ரேம் ஸ்க்ரூ முடுக்குகிற ஊசி மாதிரி ஸ்க்ரூ டிரைவரால் மூடிகளை நெம்பி எடுத்து, கிரீஸைப் பெட்ரோலில் கழுவி, ஆயில் விட்டு, புது ஆயில் சீல் வாங்கிப் பூட்டியிருக்கிறான். புதன்கிழமை திங்களானது அதனால்தான். வளையங்களை அவள்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

"நீங்க தங்கச்சி வீட்டுக்காரர் பூட்டின மிஷினைத்தான் பார்த்தீங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "மரத்துக்கு அடியில அதைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தது எங்க அப்பா."

மெக்கானிக் வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்தக் கொல்லையும், ஊன்றின முழங்காலும், இப்போ இப்போ என்று தான் நின்ற நிலையும் ஒன்றாக அவர் முன்னால் வந்து நின்றன. மாமாவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"மூடியை எடுத்தது எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு இந்த விஷயம் தெரியாது, எங்கிட்ட துணி தைக்கக் கொடுக்க வந்த வேற ஒரு மெக்கானிக் சொல்லித்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"எனக்கா தெரியாது?"

"தெரிஞ்சே சொல்லலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. வேணும்னா நீங்க போய் சொல்லிக்குங்க."

அவள் வளையங்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கண்ணாடி வந்தான். அன்றைக்கு இரவல் வாங்கி அவனிடமே தங்கிவிட்ட புல்லரைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். கடையில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, பையிலிருந்து நாலைந்து தாளை எடுத்தான். பேரிங்கைப் பற்றி எங்கோ படித்ததையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி, படம் போட்டு, பின் அடித்திருந்தான். எதில் மூடி வைத்தது, எதில் மூடி இல்லாதது, எங்கே எது போட வேண்டும் என்று. அடிக்கோடு எல்லாம் இருந்தது.

"உங்களுக்கு உதவும்னு எழுதினேன் அண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நம்ம ரெண்டு பேருக்குமே இது தெரியலை பாருங்க."

அவன் குரலில் ஒரு துளி நக்கல் இருந்திருந்தால்கூட மெக்கானிக் பிழைத்திருப்பார். இல்லை. சுத்தமான நல்லெண்ணம். வாடிக்கைக்காரர்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இருபத்தாறு வருஷத்துத் தொழில் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எனக்கா தெரியாது, டேய், நான் சொன்னதுதான்டா சுத்தி உன் காதுக்கு வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் திரும்பி வந்துவிடும். அந்த வார்த்தைக்குப் பின்னாலேயே அடுத்த கேள்வியும் வரும். தெரிந்தும் ஏன் நல்ல பேரிங் என்றீர்கள்?

அவர் தாளை வாங்கிக்கொண்டார்.

"ஆமா சகலை" என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சு."